310 எச்சங்கள்: வெடித்த நட்சத்திரங்களின் பதிவேடு

2014இல் வெளிவந்த பட்டியலின் தலைப்பிலேயே எண்ணிக்கை இருந்தது: நம் பால்வீதியில் 294 சூப்பர்நோவா எச்சங்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2019இல், திருத்திய பதிப்பு வந்தது. அதன் தலைப்பிலும் 294தான். இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். நடந்தது நிறைய. புதிய எச்சங்கள் சில உள்ளே வந்தன. பல ஆண்டுகளாக இடம்பிடித்திருந்த சில, எச்சங்களே அல்ல என்று தெரிந்து வெளியே போயின. வந்ததும் போனதும் சரிக்குச் சரியாக நின்றுவிட்டது.

இந்தப் பதிவேட்டின் பெருமையாக நான் கருதுவது அந்த நீக்கங்களைத்தான். வானத்தில் புதிதாக ஒன்றைக் கண்டால் செய்தியாகும். ஏற்கெனவே கண்டதாகச் சொன்னது அதுவல்ல என்று உறுதிசெய்தால் அது ஒரு அடிக்குறிப்போடு போய்விடும். ஆனால் அந்த இரண்டாவது வேலையை யாராவது சலிக்காமல் செய்துகொண்டே இருந்தால்தான் முதல் வேலைக்கு மதிப்பு.

அதைச் செய்துவருபவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கேவண்டிஷ் ஆய்வகத்தைச் சேர்ந்த ரேடியோ வானியலாளர் டேவிட் கிரீன். 1984இல் அவர் வெளியிட்ட முதல் பதிப்பில் 145 எச்சங்கள் இருந்தன. 2009இல் அது 274 ஆனது. 2024 அக்டோபர் பதிப்பில் 310. நாற்பது ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் பெயரில் வளர்ந்துவரும் தரவுத் தொகுப்புகள் அறிவியலில் அபூர்வம். இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004, 2009, 2014 பதிப்புகள் இந்திய வானியல் சங்கத்தின் இதழில் வெளியாயின. அந்த இதழ் நின்றபின், 2019 பதிப்பும் 310 எச்சங்கள் கொண்ட பதிப்பும் பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் வானியற்பியல் ஆய்விதழில் வந்தன. உலகெங்கும் இத்துறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த இந்திய இதழ்களைத்தான்.

முதலில், எச்சம் என்றால் என்ன? சூரியனைப்போல எட்டு மடங்குக்கும் மேல் நிறை கொண்ட நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து தன்மேலேயே சரிந்து வெடிக்கலாம். அல்லது ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த சிறு நட்சத்திரத்தின் அடர்ந்த மிச்சம்), தன் இணை நட்சத்திரத்தின் பொருளை ஏற்றோ அதனுடன் மோதியோ, அணுக்கரு வினை கட்டுமீறி மொத்தமாகச் சிதறலாம். இரண்டையும் சூப்பர்நோவா என்கிறோம். வெடிப்பின் ஒளி சில மாதங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று ஆண்டுகளில், கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட பொருள் விரிந்துகொண்டே போகிறது. சுற்றியிருக்கும் மெல்லிய வாயுவில் மோதி அது ஒரு அதிர்ச்சி அலையை உண்டாக்குகிறது. அந்த அலையில் சிக்கிய எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்படுகின்றன. அவை காந்தப்புலத்தில் சுழலும்போது ரேடியோ அலைகள் பிறக்கின்றன. சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று இதற்குப் பெயர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு இது நீடிக்கும்.

நம் பால்வீதிக்குள் நிகழ்ந்து, மனிதர்கள் கண்ணால் பார்த்ததாக ஐயமில்லாமல் சொல்லக்கூடிய கடைசி சூப்பர்நோவா 1604இல் தோன்றியது. கெப்ளர் அதைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். தொலைநோக்கி வானத்தை நோக்கித் திரும்புவதற்கு முன்பே அது மறைந்துவிட்டது. அதற்குப் பின் நானூறு ஆண்டுகளாகக் கண்ணுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே நம் பால்வீதியில் நட்சத்திரங்கள் எங்கே, எவ்வளவு அடிக்கடி வெடிக்கின்றன என்பதை அறிய எச்சங்களை எண்ணுவதுதான் நமக்கு முக்கியமான வழி.

பட்டியலின் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். ஜி 111.7−2.1 என்று ஆரம்பிக்கிறது. வல ஏற்றம் 23 மணி 23 நிமிடம் 26 வினாடி. நடுவரை விலக்கம் +58 பாகை 48 கலை (இவ்விரண்டும் வானத்தில் இடத்தைக் குறிக்கும் அளவுகள்; ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அளவு 5 கலை. வகை: எஸ். ஒரு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் செறிவு 2720 ஜான்ஸ்கி (ரேடியோ ஒளியின் வலுவை அளக்கும் அலகு). நிறமாலை எண் 0.77. வேறு பெயர்கள்: காசியோப்பியா ஏ, 3சி 461. அவ்வளவுதான் ஒரு வரி.

தொடக்கத்திலுள்ள எண்கள் பால்வீதியை வைத்து அளந்த முகவரி. பால்வீதியின் மையத் திசையிலிருந்து தளத்தின் வழியாக 111.7 பாகை நகர்ந்து, தளத்துக்குக் கீழே 2.1 பாகை இறங்கினால் இந்த எச்சம் இருக்கும். இதே முறையில் ஜி 0.0+0.0 என்று ஒரு எச்சமும் பட்டியலில் உண்டு. பால்வீதி மையத்தின் பெருங்கருந்துளையை ஒட்டிக் கிடக்கும் தனுசு ஏ கிழக்கு அது. அளவு 5 கலை என்றால் முழுநிலவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து 2720 ஜான்ஸ்கி வருவது பெரிய விஷயம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமான பொருள்களில் முதல் வரிசையில் இருப்பது இதுதான். மார்ட்டின் ரைலும் பிரான்சிஸ் கிரகாம் ஸ்மித்தும் 1948இல் கேம்பிரிட்ஜில் இதைக் கண்டறிந்தார்கள். வெடிப்பின் ஒளி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூமியை எட்டியிருக்க வேண்டும். ஆனாலும் அதைப் பார்த்ததாக உறுதியான பதிவு ஒன்றும் இல்லை.

அந்த வரியில் மிக முக்கியமானது நிறமாலை எண் 0.77தான். அதிர்வெண் குறையக் குறைய ரேடியோ ஒளி எவ்வளவு கூடுகிறது என்பதை அது சொல்கிறது. சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு தாழ் அதிர்வெண்ணில் வலுவாக இருக்கும். விரியும் ஓட்டின் விளிம்பு மட்டும் ஒளிரும் எச்சங்களில் இந்த எண் பொதுவாக 0.5ஐ ஒட்டி வரும். அப்படிப்பட்டவைதான் எஸ் வகை; பட்டியலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அவையே. நடுவிலிருக்கும் பல்சார் (வெடிப்பில் மிஞ்சி வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்) இடைவிடாது ஆற்றலை ஊட்டுவதால் உள்ளே நிறைந்து ஒளிர்பவை எஃப் வகை. ஜி 184.6−5.8, அதாவது நண்டு நெபுலா, அந்த வகையைச் சேர்ந்தது. அதன் எண் 0.30. ஓடும் உண்டு, நடுவே நிறைவும் உண்டு என்றால் சி வகை. சந்தேகமான இடங்களில் கிரீன் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறார். பட்டியல் முழுக்க இந்தக் கேள்விக்குறிகள் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று அதே கட்டத்தில் எழுதிவைப்பது வாசிக்கிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்ததும் இந்தப் பதிவேடு செய்த பெரிய உபகாரம். ரேடியோ வானியலின் ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு குழுவும் தன் பட்டியலுக்கு ஒரு முன்னெழுத்து வைத்தது. வெஸ்டர்ஹவுட்டின் பட்டியலில் இருந்தவை டபிள்யூ 28, டபிள்யூ 44. கேம்பிரிட்ஜின் மூன்றாம் பட்டியலில் இருந்தவை 3சி என்று ஆரம்பிக்கும். ஹான்பரி பிரவுனும் ஹசார்டும் கண்டவை ஹெச்பி. ஆஸ்திரேலியாவில் மில்ஸ், ஸ்லீ, ஹில் மூவரும் சேர்த்தவை எம்எஸ்ஹெச். ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பெயர்கள். ஐசி 443ஐயும் 3சி 157ஐயும் தனித்தனிப் பொருள்கள் என்று ஒரு மாணவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டும் ஜி 189.1+3.0தான்.

இப்போது நீக்கங்களுக்கு வருவோம். பால்வீதியின் தளத்தில் வட்டவடிவ ரேடியோ மேகங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வெடிப்பின் எச்சங்களே அல்ல. புதிதாகப் பிறந்த, கடுஞ்சூடான நட்சத்திரங்கள் தம்மைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கி ஒளிரச்செய்யும் மேகங்கள் அவை. மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று பிறப்பின் அடையாளம், மற்றது இறப்பின் அடையாளம் என்பதால் இரண்டையும் மாற்றிக் குறித்தால் பால்வீதியைப் பற்றிய நம் கணக்கே தலைகீழாகும்.

பிரித்தறிய இரண்டு சோதனைகள் உதவுகின்றன. ஹைட்ரஜன் மேகத்தின் நிறமாலை எண் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். தாழ் அதிர்வெண்ணில் அது வலுக்காது. இன்னொன்று அகச்சிவப்பு. நட்சத்திரப் பிறப்பிடங்களில் தூசி சூடாகி நடு அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும். ரேடியோவில் அதே அளவு ஒளிரும் சூப்பர்நோவா எச்சம் அந்த அலைநீளத்தில் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ஸ்பிட்சர், வைஸ் ஆகிய அகச்சிவப்பு விண்கலங்களின் படங்கள் கிடைத்தபின் இந்த ஒப்பீடு எளிதானது.

2017இல் லோரன் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கியில் எடுத்த ரேடியோ படங்களை அகச்சிவப்புப் படங்களோடு வைத்துப் பார்த்தார்கள். 76 புதிய உத்தேச எச்சங்கள் கிடைத்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஏற்கெனவே பட்டியலில் இருந்த சில எச்சங்கள் உண்மையில் ஹைட்ரஜன் மேகங்கள். ஜி 20.4+0.1, ஜி 21.5−0.1, ஜி 23.6+0.3, ஜி 59.8+1.2 ஆகியவை 2019 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. இவற்றில் ஜி 21.5−0.1ஐப் பார்க்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. அதிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் ஜி 21.5−0.9 இருக்கிறது. அது பல்சாருடன் கூடிய, மறுக்க முடியாத எச்சம். எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

நீக்கப்பட்டவை காணாமல் போய்விடுவதில்லை. ஒருகாலத்தில் எச்சம் என்று சொல்லப்பட்டு இப்போது அப்படிக் கருதப்படாதவை எவை, ஏன் என்று பதிவேட்டின் விளக்கப் பகுதியில் ஆதாரத்தோடு எழுதப்பட்டிருக்கும். எச்சம் என்று யாரோ முன்மொழிந்து, இன்னும் உறுதியாகாதவையும் அங்கே உண்டு. புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள் பிரதான அட்டவணைக்கு முன் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பேன். எவ்வளவு பேர் எந்தெந்த இடத்தில் ஏமாந்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்த கேள்வி: 310 என்பது நிறையவா, குறைவா? மிகக் குறைவு. பால்வீதியில் ஒரு நூற்றாண்டுக்குச் சுமார் இரண்டு சூப்பர்நோவாக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எச்சம் ஐம்பது அறுபதாயிரம் ஆண்டுகள் ரேடியோவில் தெரியும் என்றால், இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குகூட நம் கையில் இல்லை.

மீதி எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. பழைய எச்சங்கள் விரிந்து மங்கி, பின்னணி இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடக்கின்றன. பால்வீதியின் உட்பகுதியில் அந்தப் பின்னணியே கண்கூசும் அளவுக்கு இருப்பதால் அங்கே தேடுவது இரட்டிப்புக் கடினம். மறுமுனையில், மிக இளையவை தூரத்தில் புள்ளியாகத் தெரிவதால் வேற்று கேலக்ஸி என்று நினைத்துக் கடந்துபோகிறோம். ஆக, இந்தப் பட்டியல் பால்வீதியின் நேரான கணக்கெடுப்பு அல்ல. எது எளிதில் தெரியுமோ அதுதான் அதில் அதிகம். 2006இல் கிரிஸ்டல் புரோகன் குழுவினர் விஎல்ஏவில் 330 மெகாஹெர்ட்ஸில், மையத்துக்கு அருகே பதினேழு பாகைச் சொச்சம் அகலமுள்ள ஒரு பட்டையை மட்டும் கூர்ந்து பார்த்தார்கள். ஒரே மூச்சில் 35 புதிய எச்சங்கள். கருவி கூர்மையானால் எண் எப்படிக் கூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சிறியதாய் ஒளிந்திருந்தவற்றில் பெயர்பெற்றது ஜி 1.9+0.3. இதை எச்சம் என்று 1984இல் அடையாளம் காட்டியவர்கள் கிரீனும் அவருடைய கேம்பிரிட்ஜ் சகா ஸ்டீவன் கல்லும்தான். அகலம் ஒன்றரைக் கலைதான். 2007இல் ஸ்டீஃபன் ரெனால்ட்ஸ் குழுவினர் சந்திரா எக்ஸ் கதிர் விண்கலத்தால் இதைப் பார்த்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வெண்குறுமீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று காட்டிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய விண்கலம் அது. படத்தைப் பழைய ரேடியோ படத்தோடு ஒப்பிட்டபோது எச்சம் பெரிதாகியிருந்தது. 1985இல் விஎல்ஏவில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் பெரிது. எக்ஸ் கதிரும் ரேடியோவும் வேறுவேறு என்பதால் வந்த மாயமோ என்ற ஐயம் எழும் அல்லவா? 2008இல் அதே விஎல்ஏவில் மறுபடியும் ரேடியோ படம் எடுத்தார்கள். வளர்ச்சி உண்மைதான். வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் வருகிறது. பால்வீதியில் நமக்குத் தெரிந்தவற்றில் மிக இளைய எச்சம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானத்தில் பெரிய நிகழ்ச்சியாகத் தெரிந்திருக்க வேண்டியது. பால்வீதி மையத்தின் தூசி மொத்த ஒளியையும் விழுங்கிவிட்டது. இன்னொரு விசேஷம்: காசியோப்பியா ஏ ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மங்கிவருகிறது, ஜி 1.9+0.3 இன்னும் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது.

ஒளிவதற்குத் தூசிதான் வேண்டும் என்பதில்லை. வேலா எச்சம் வானத்தில் பல முழுநிலவு அகலத்துக்கு விரிந்திருக்கிறது. அதன் தென்கிழக்கு மூலையில் இன்னொரு முழு எச்சம் இருப்பது 1998இல்தான் தெரிந்தது. ரோசாட் விண்கலத்தின் தரவில் பெர்ண்ட் ஆஷன்பாக் தாழ் ஆற்றல் எக்ஸ் கதிர்களை ஒதுக்கிவிட்டு உயர் ஆற்றலை மட்டும் வைத்துப் பார்த்தபோது, வேலாவின் ஒளி விலகி, உள்ளேயிருந்து ஒரு வட்டம் துலங்கியது. அதுதான் ஜி 266.2−1.2. 2021இல் எரோசிட்டா எக்ஸ் கதிர் தொலைநோக்கி கண்ட ஹோய்ங்கா வேறு விதம். நான்கு பாகைக்கும் மேல் அகலம் உள்ள அது பால்வீதித் தளத்திலிருந்து 24.5 பாகை உயரத்தில் இருக்கிறது. எச்சங்களை யாரும் அவ்வளவு மேலே தேடுவதில்லை. பிறகு பழைய ரேடியோ படங்களைப் புரட்டினால், அதன் தடயம் ஆண்டுக்கணக்காக அங்கேயே இருந்திருக்கிறது.

பிரதான அட்டவணையில் தூரத்துக்கு ஒரு பத்தி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறதி அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. பெரும்பாலான எச்சங்களுக்கு நம்பத்தகுந்த தூரம் கிடையாது. மேற்பரப்புப் பிரகாசத்தை வைத்து எச்சத்தின் உண்மையான விட்டத்தையும், அதிலிருந்து தூரத்தையும் ஊகிக்கும் ஒரு சூத்திரம் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கிரீன் அதைத் தொடர்ந்து எதிர்த்துவருகிறார். ஒரே பிரகாசம் உள்ள எச்சங்களின் விட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. மங்கலானவையும் சிறியவையும் பட்டியலில் இடம்பெறாமல் போவதால் சூத்திரமே ஒருபக்கம் சாய்கிறது என்பது அவர் வாதம். அவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு பத்தியைச் சந்தேகத்துக்குரிய எண்களால் நிரப்பிவிட்டால், அதை எடுத்துப் பயன்படுத்துகிற நூறு கட்டுரைகளில் அந்தச் சந்தேகம் காணாமல் போய்விடும்.

வரலாற்றுப் பதிவுகளோடு எச்சங்களை இணைப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1006, 1054, 1572, 1604 ஆண்டுகளின் புதிய நட்சத்திரங்களுக்கு எச்சங்கள் ஐயமின்றிக் கிடைத்துவிட்டன. 1181 அப்படியல்ல. சீனர்களும் ஜப்பானியர்களும் ஆறு மாதம் பார்த்த அந்த விருந்தாளி நட்சத்திரத்தின் எச்சம் 3சி 58, அதாவது ஜி 130.7+3.1, என்றுதான் வெகுகாலம் எழுதப்பட்டுவந்தது. ஆனால் அது விரியும் வேகத்தைப் பார்த்தால் வயது இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். 2013இல் டேனா பாட்சிக் என்ற ஆர்வலர், வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களில் பிஏ 30 என்ற மேகத்தைக் கண்டார். 2021இல் வெளியான ஆய்வின்படி அது வினாடிக்கு 1,100 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. நடுவில் கடுஞ்சூடான ஒரு நட்சத்திரம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. 1181க்குப் பொருத்தமான எச்சம் இதுதான் என்பதற்கு இப்போது வலுவான ஆதரவு இருக்கிறது.

இந்தப் பட்டியலை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஃபெர்மி விண்கலக் குழுவினர் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு 279 எச்சங்களின் இடங்களில் காமா கதிர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடி, 30 எச்சங்களில் அது இருப்பதாக 2016இல் அறிவித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால் ஐசி 443, டபிள்யூ 44 இரண்டிலும் புரோட்டான்கள் முடுக்கப்படுவதன் நேரடித் தடயத்தை அதே விண்கலம் பிடித்திருந்தது. பூமியை ஓயாமல் தாக்கும் காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்ற பழைய கேள்விக்கு அது பெரிய முன்னேற்றம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஃபெராண்டும் சஃபி-ஹார்பும் எக்ஸ் கதிர், காமா கதிர் அவதானிப்புகளுக்கென்று தனியாக ஒரு பட்டியலைப் பராமரிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைசெய்வதே இன்று வழக்கம்.

இனி வரப்போவது வெள்ளம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் தாழ் அதிர்வெண் தொலைநோக்கி 2019இல் 27 புதிய உத்தேச எச்சங்களைத் தந்தது. தென்னாப்பிரிக்காவின் 64 கிண்ணங்கள் கொண்ட மீர்காட், பால்வீதித் தளத்தின் படங்களில் 200க்கும் மேற்பட்டவற்றைக் காட்டியிருக்கிறது. ரேடியோவில் ஓட்டு வடிவம், அகச்சிவப்பில் ஒன்றுமில்லை என்ற அளவில் இவை தேறிவிட்டன. ஆனால் பட்டியலுக்குள் வர அது போதாது. நிறமாலை எண் வேண்டும், இல்லையென்றால் ரேடியோ ஒளியின் முனைவாக்கமாவது (அலைகள் ஒரே திசையில் அதிர்வது) வேண்டும். இங்கேதான் சிக்கல். பல கிண்ணங்களை இணைத்து எடுக்கும் படத்தில் அகன்று பரவிய மங்கல் ஒளியின் ஒரு பகுதி பதிவாகாமல் போகிறது; எவ்வளவு போகிறது என்பது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். அப்படிப்பட்ட இரண்டு படங்களிலிருந்து கணக்கிட்ட நிறமாலை எண்ணை நம்ப முடியாது. ஜெர்மனியின் எஃபல்ஸ்பெர்க்கில் உள்ள 100 மீட்டர் கிண்ணம் போன்ற தனித் தொலைநோக்கிகளின் தரவைச் சேர்த்து அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். தாழ் அதிர்வெண்ணில் கூர்மையான படங்களும் வேண்டும். புனே மாவட்டம் கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களோடு இயங்கும் ஜிஎம்ஆர்டி இந்த வேலைக்கு ஏற்றது, ஜி 354.4+0.0 என்ற இளம் எச்சத்தை சுபாஷிஸ் ராயும் சபியசாச்சி பாலும் அடையாளம் கண்டது அந்தத் தொலைநோக்கியின் உதவியால்தான். உத்தேச எச்சம் ஒவ்வொன்றுக்கும் இந்த அளவீடுகளைத் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். அவை கிடைக்கும்வரை அவற்றுக்குப் பிரதான அட்டவணையில் வரி எண் கிடையாது.